செயலி வழி வாகனப் பழுதுநீக்கச் சேவை: எந்த வடிவம் தாக்குப்பிடிக்கும்?

பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது என்று ஒருவர் செயலியைத் திறக்கிறார். ‘முன்பக்க பிரேக் பேட் மாற்றுதல்’ என்ற சேவையைத் தேர்ந்தெடுக்கிறார். கட்டணம் திரையில் தெரிகிறது. ஒப்புக்கொண்டு நேரத்தையும் குறித்துவிடுகிறார். மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், உட்பக்கத்துப் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கத்துப் பேடில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. இப்படி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கின் மேல் பேட்களை அழுத்தும் காலிபரின் நகர்வுக் கம்பி (பின்) இறுகிப்போயிருக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் முதலில் சந்தேகிப்பார். டிஸ்கிலும் ஆழமாகக் கோடு விழுந்திருக்கிறது. அளந்து பார்த்தால், டிஸ்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கும் கீழே போயிருக்கிறது. பேடை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் சில வாரங்களில் அதே சத்தம் திரும்பி வரும். டிஸ்கையும் மாற்றுவதென்றால் திரையில் காட்டிய தொகை எங்கோ போய்விடும். வண்டிக்காரர் அலுவலகக் கூட்டத்தில் இருப்பதால் தொலைபேசியை எடுக்கவில்லை. வண்டி ஜாக்கியின் மேல் நிற்கிறது, அடுத்த வாடிக்கையாளர் வேறொரு தெருவில் காத்திருக்கிறார்.

செயலி வழியாக வாகனங்களைப் பழுதுபார்க்கும் தொழில் ஒன்றைத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்த அரை மணி நேரத்திலிருந்து தங்கள் கணக்கைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. நான் படித்த திட்ட அறிக்கைகளில் பெரும்பாலானவை, சாலையில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆகும் சராசரிச் செலவால் பெருக்கி, அதில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே போதும் என்ற இடத்திலிருந்து தொடங்குகின்றன. அந்தப் பெருக்கல் எந்த ஊரிலும் பெரிய எண்ணைத்தான் தரும். ஆனால் வண்டி ஜாக்கியின் மேல் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் முடிவை யார் எடுப்பது, கூடுதல் செலவை யார் தாங்குவது, நாளை மறுபடியும் சத்தம் வந்தால் யார் பொறுப்பு என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கீழே வெவ்வேறு வடிவங்களை ஒப்பிடும்போது இந்த மூன்று கேள்விகளையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

தொழிலின் இயல்பு

வாடகைக் கார் செயலியும் உணவு கொண்டுதரும் செயலியும் வென்றதைப் பார்த்து, அதே அச்சில் பழுதுநீக்கத்தையும் வார்த்துவிடலாம் என்று நினைப்பது இயல்புதான். இரண்டு இடங்களில் அந்த அச்சு பொருந்துவதில்லை.

முதலாவது, தேவை எழும் கால இடைவெளி. கார்களுக்கு ஆயில் மாற்றும் இடைவெளி, எஞ்சினையும் ஆயிலின் தரத்தையும் பொறுத்து, பெரும்பாலும் 5,000 முதல் 15,000 கிலோமீட்டர் வரை இருக்கிறது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் சொந்தக் காருக்கு வழக்கமான சர்வீஸ் ஒன்று அல்லது இரண்டு முறைதான் வரும். பேட்டரி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. பிரேக் பேட் அதைப் போலவே எப்போதாவது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே தேவைப்படும் செயலியை யாரும் தொலைபேசியில் வைத்திருக்க மாட்டார்கள். நினைவகம் நிறைந்தவுடன் முதலில் நீக்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும். எனவே ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரத்துக்குச் செலவிட்ட தொகையை, அவர் திரும்பத் திரும்ப வந்து ஈடுகட்டுவார் என்று எழுதுவது இங்கே பொருந்தாது; அடுத்த முறை அவரைப் பிடிக்க மறுபடியும் செலவழிக்க நேரலாம்.

இரண்டாவது, வாங்குபவரால் தரத்தை எடைபோட முடியாமை. உணவு ஆறியிருந்தால் சாப்பிட்டவருக்கே தெரியும். காலிபர் பின் உண்மையிலேயே இறுகியிருந்ததா, டிஸ்கை மாற்றத்தான் வேண்டியிருந்ததா என்பது, வேலை முடிந்து பணம் கொடுத்த பிறகும் வண்டிக்காரருக்குத் தெரியாது. வாங்கிய பிறகும் தரத்தைச் சரிபார்க்க முடியாத இத்தகைய சேவைகளைப் பற்றி 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற பொருளியலாளர்கள் இருவர் எழுதியபோது, அவர்கள் முதன்மையாக மனத்தில் கொண்டதும் பழுதுநீக்கத் தொழிலைத்தான். செயலியில் கிடைக்கும் ஐந்து நட்சத்திரம், மெக்கானிக் நேரத்துக்கு வந்தார், மரியாதையாகப் பேசினார், தரையில் எண்ணெய் சிந்தாமல் வேலை செய்தார் என்பதைச் சொல்லும். தேவையில்லாத பாகத்தை மாற்றினாரா என்பதை அது சொல்லாது. நட்சத்திரங்களை நம்பி இந்தத் தொழிலில் தரக் கட்டுப்பாட்டை நடத்திவிடலாம் என்பவர்களுக்குப் பட்டறைப் பழக்கம் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இணைத்துவிடும் தளம்

கையில் முதல் குறைவாக இருப்பவர்கள் முதலில் நாடுவது இந்த வடிவத்தை. ஏற்கெனவே இயங்கும் பட்டறைகளையும் தனி மெக்கானிக்குகளையும் செயலியில் சேர்த்து, வண்டிக்காரர் கேட்கும் வேலைக்கு அவர்களிடமிருந்து விலை வாங்கிக் காட்டி, வேலை முடிந்ததும் கமிஷன் எடுத்துக்கொள்வது. லிஃப்ட், கருவிகள், உதிரிபாக இருப்பு எதுவும் தேவையில்லை. எழுதுவதற்கு அழகான திட்டம். அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய ஓப்பன்பே, பட்டறைகளின் விலைகளை வரிசைப்படுத்திக் காட்டும் இதே கருத்தோடுதான் வந்தது.

இதிலுள்ள பலவீனம், முதல் வேலை நன்றாக முடியும்போதுதான் வெளிப்படுகிறது. வாடகைக் காரில் நேற்று வந்த ஓட்டுநரே இன்றும் வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. யார் அருகில் இருக்கிறாரோ அவர் போதும். பழுதுநீக்கத்தில் நிலைமை நேர்மாறானது. போன முறை வண்டியைத் திறந்து பார்த்தவரே இந்த முறையும் பார்த்தால் நல்லது என்பது வண்டிக்காரரின் நியாயமான விருப்பம், ஏனென்றால் எந்த ரப்பர் புஷ் தேய்ந்து வருகிறது, எந்த வேலையை அடுத்த சர்வீஸுக்குத் தள்ளிவைத்தோம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆகவே மெக்கானிக் நல்லவராக அமைந்துவிட்டால் இருவரும் தொலைபேசி எண்ணைப் பரிமாறிக்கொள்கிறார்கள், செயலி வெளியே நிற்கிறது. மெக்கானிக் மோசமாக அமைந்துவிட்டால் பழி செயலியின் மேல் விழுகிறது, வண்டிக்காரர் திரும்புவதில்லை. வீடு துப்புரவுப் பணியாளர்களை இணைத்துவந்த ஹோம்ஜாய் நிறுவனம் 2015 ஜூலையில் மூடப்பட்டபோது, பணியாளர்களை ஊழியராகக் கருத வேண்டுமா என்ற வழக்குகளை அதன் நிர்வாகம் காரணமாகச் சொன்னது. ஆனால் வாடிக்கையாளர்கள் திரும்பி வராததும், வந்தவர்கள் பணியாளரோடு நேரடியாக ஏற்பாடு செய்துகொண்டதும் அப்போதே பரவலாகப் பேசப்பட்டன. வேறு தொழில்தான், என்றாலும் நோய் ஒன்றே.

எண்ணை மறைப்பது, உரையாடலைச் செயலிக்குள் அடைப்பது போன்ற தடைகளால் இதை நிறுத்த முடியாது. ஜாக்கிக்குப் பக்கத்தில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும் தொழில் இது. செயலிக்குள் இருப்பதால் மட்டுமே கிடைக்கும் ஒன்று வண்டிக்காரருக்கு இருக்க வேண்டும். வேலைக்கான உத்தரவாதம், பிணக்கு வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் உறுதி, எந்தப் பட்டறைக்குப் போனாலும் கூடவே வரும் முழு சர்வீஸ் வரலாறு ஆகியவை அப்படிப்பட்டவை. ஆனால் உத்தரவாதம் கொடுத்த கணமே, தான் பார்க்காத வேலைக்கு, தான் சம்பளம் தராத மெக்கானிக்குக்காக, தளம் பொறுப்பேற்றுக்கொள்கிறது. கமிஷனில் கிடைத்த சிறு தொகையிலிருந்து மறுவேலைச் செலவைக் கொடுக்க நேர்ந்தால், ஒரு டிஸ்க் பத்து வேலைகளின் வருமானத்தைத் தின்றுவிடும். குறைந்த முதலீடு என்ற கவர்ச்சி இந்த இடத்தில் கரைந்துவிடுகிறது.

வீட்டு வாசலுக்கு வரும் வேன்

இரண்டாவது வடிவத்தில் கருவிகள் ஏற்றிய வேனும் சம்பளத்துக்கு வேலை செய்யும் மெக்கானிக்கும் நிறுவனத்தினுடையவை. வண்டி நிற்கும் இடத்துக்கே போய் வேலையை முடித்துவிட்டு வருகிறார்கள். முடிவு எடுப்பவரும் பொறுப்பேற்பவரும் ஒருவரே என்பதால் மேலே கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இதில் நேரான விடை இருக்கிறது. அதே காரணத்தால் செலவும் அதிகம்.

எந்தெந்த வேலைகளை எடுத்துக்கொள்வது என்பதில் இங்கே பேராசை கூடாது. பேட்டரி, ஆயிலும் ஃபில்டரும், ஸ்பார்க் பிளக், பிரேக் பேடும் டிஸ்கும், வைப்பர், பல்பு, சில மாடல்களில் ஆல்டர்நேட்டரும் ஸ்டார்ட்டரும் வாசலிலேயே முடியக்கூடியவை. வீல் அலைன்மென்ட், கிளட்ச், கியர்பாக்ஸ், டிங்கரிங், பெயின்டிங் முடியாதவை. இடையே ஒரு மங்கலான பகுதி இருக்கிறது: துருப்பிடித்த போல்ட் பாதியில் முறிந்துவிட்டால், அரை மணி நேர வேலை அரை நாளாகி, இழுவை வண்டியை அழைப்பதில் முடியும். ஏ.சி. வாயு நிரப்புவதற்குப் பல நாடுகளில் தனிச் சான்றிதழ் தேவை. வடித்தெடுத்த பழைய ஆயிலை முறைப்படி ஒப்படைக்க வேண்டும், சாக்கடையில் ஊற்றிவிட்டு வர முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றின் வாகன நிறுத்தத்தில் பழுது வேலை செய்யவே அனுமதி இருக்காது. இந்தச் சின்ன விஷயம் எத்தனை பதிவுகளை ரத்து செய்ய வைக்கும் என்பதை முதல் மாதத்தில்தான் உணர்வார்கள்.

பெரிய எதிரி நேரம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மெக்கானிக்கின் வேலை நாள் ஒன்பது மணி நேரம், அதாவது 540 நிமிடம். ஒரு வேலைக்கு அறுபது நிமிடம், கருவிகளை இறக்கி ஏற்றப் பதினைந்து, பணம் வாங்கவும் விளக்கம் சொல்லவும் பத்து, அடுத்த இடத்துக்குப் போக நாற்பது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வேலையும் 125 நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு நான்கு வேலைகள். போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டாலோ, வண்டிக்காரர் சாவியோடு வெளியே போய்விட்டாலோ மூன்று. பட்டறையில் இருக்கும் அதே மெக்கானிக், ஒரு வண்டியில் ஆயில் வடிந்துகொண்டிருக்கும்போது இன்னொரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார். வேன் மெக்கானிக்கின் நாளில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டீயரிங்கைப் பிடிப்பதிலேயே போகிறது. அதற்கான சம்பளத்தை வாடிக்கையாளர் நேரடியாகத் தர மாட்டார்.

அமெரிக்காவில், ஜெர்மன் கார் நிறுவனமான டைம்லரின் ஆதரவோடு வளர்ந்த ரிப்பேர்ஸ்மித் என்ற வேன் சேவையை, கார் விற்பனைத் தொடர் நிறுவனமான ஆட்டோநேஷன் 19 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. இந்தச் செய்தியை வேன் வடிவத்தின் வெற்றிக்குச் சான்றாகப் பலர் காட்டுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. வாங்கியவரிடம் கார் வாங்கிப் போன வாடிக்கையாளர்களின் பட்டியலும், உதிரிபாகக் கிடங்குகளும், வேனால் முடியாத வேலையை அனுப்பி வைக்கப் பட்டறைகளும் முன்பே இருந்தன. தனியாக நிற்கும் வேன் சேவைக்கு இவை மூன்றும் இல்லை; அவற்றை ஒவ்வொன்றாக விலை கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும்.

எடுத்துச் சென்று சரிசெய்து திருப்பித் தருவது

மூன்றாவது வடிவம் முதலிரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்துச் செல்கிறார், நிறுவனத்தின் பெயர்ப் பலகையை மாட்டியிருக்கும் கூட்டுப் பட்டறையில் வேலை நடக்கிறது, மாலையில் வண்டி திரும்பி வருகிறது. விலையை நிறுவனம் நிர்ணயிக்கிறது. உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கிப் பட்டறைகளுக்குக் கொடுப்பதில் அதற்கு லாபம் கிடைக்கிறது. வாடிக்கையாளர் பார்வையில் இதுதான் மிக வசதியானது. எல்லா வகை வேலைகளையும் ஏற்க முடிகிறது, வேனைப் போல நேரத்தை ரோட்டில் இழப்பதில்லை.

ஆனால் வண்டி கைமாறும் ஒவ்வொரு இடமும் ஒரு தகராறுக்கு வழி திறக்கிறது. எடுக்கும்போது பெட்ரோல் அளவு, ஓடோமீட்டர், நான்கு பக்கத்துக் கீறல்கள் ஆகியவற்றைப் படமெடுக்காமல் சாவியை வாங்கினால், மாலையில் அந்தக் கீறல் யாருடையது என்பதை யாராலும் நிறுவ முடியாது. வழியில் ஓட்டுநர் இடித்துவிட்டால் வண்டிக்காரரின் காப்பீடு அதை ஏற்குமா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. பிறர் வண்டியைக் கையாளும் தொழிலுக்கென்று உள்ள காப்பீட்டை நிறுவனமே எடுத்துக்கொள்வது இந்த வடிவத்தில் தவிர்க்க முடியாத செலவு. பட்டறைக்காரருக்கோ, பெயர்ப் பலகை வாடகைக்கு வந்ததே தவிர மனம் முழுவதும் தன் பழைய வாடிக்கையாளர்களிடம்தான் இருக்கும். செயலி வழி வந்த வண்டி வரிசையில் கடைசியாக நிற்பதை எந்த ஒப்பந்தமும் தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த வடிவத்தில் இந்தியாவில் 2016-இல் தொடங்கி வேகமாக வளர்ந்த கோமெக்கானிக், 2023 ஜனவரியில் தன் நிதி அறிக்கைகளில் பிழைகள் இருந்ததை நிறுவனர்களே பொதுவெளியில் ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்து, ஊழியர்களில் எழுபது விழுக்காட்டினரை நீக்குவதாக அறிவித்தது. சில மாதங்களில் நிறுவனம் கைமாறியது. அதைத் தனிமனிதர்களின் தவறாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கூட்டுப் பட்டறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே வளர்ச்சியாகக் கணக்கிடப்படும் வடிவத்தில், எத்தனை பட்டறைகளில் உண்மையில் எத்தனை வண்டிகள் திரும்பி வந்தன என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. வேகத்தைக் காட்டியே தீர வேண்டும் என்ற நெருக்கடி, வடிவத்தோடு சேர்ந்தே வருகிறது.

இதற்கு மறுமுனையில் சீனாவின் தூஹூ இருக்கிறது. 2011-இல் இணையத்தில் டயர் விற்கத் தொடங்கி, விற்ற டயரை மாட்டித் தர இடம் வேண்டும் என்பதால் பட்டறைகளுக்குள் நுழைந்து, படிப்படியாகத் தன் பெயரில் இயங்கும் உரிமக் கடைகளை ஐயாயிரத்துக்கும் மேல் பெருக்கி, 2023 செப்டம்பரில் ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. டயர் நல்ல தொடக்கப் பொருள்: அளவு பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும், எஸ்டிமேட் மாறுவதற்கு இடமே இல்லை, ஏமாற்றப்பட்டோமோ என்ற ஐயமும் எழாது. அங்கே சேர்த்த நம்பிக்கையைக் கொண்டு கடினமான வேலைகளுக்கு நகர்ந்தார்கள். ஆனால் பட்டியலிடப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நிறுவனம் தொடர்ந்து நட்டத்தைத்தான் காட்டியது என்பதையும், அவ்வளவு காலம் பொறுத்திருக்கும் முதல் எல்லோருக்கும் கிடைக்காது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பட்டறைகளுக்குக் கணக்கு, முன்பதிவு, உதிரிபாக இருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருளை விற்பது என்று நான்காவது வழி ஒன்று உண்டு. ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை என்பது அதன் சிறப்பு. அது வேறு தொழில். மாதச் சந்தா கேட்டுப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கும் பொறுமை உள்ளவர்களுக்கு உரியது.

ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு சாலையோர உதவி தருவது இன்னொன்று. இது செயலிக்கும் வானொலிக்கும் முந்தையது. வாகன ஓட்டிகளின் சங்கங்களான ஜெர்மனியின் ஏடிஏசி 1903-இலும், பிரிட்டனின் ஏஏ 1905-இலும் தோன்றின. வேகக் கட்டுப்பாட்டுக்காகக் காவலர்கள் எங்கே மறைந்து நிற்கிறார்கள் என்று உறுப்பினர்களுக்கு எச்சரிப்பதுதான் ஏஏ-வின் தொடக்க காலப் பணி என்பது வேடிக்கையான செய்தி. இன்று ஏடிஏசி-க்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். எப்போதாவது மட்டுமே தேவைப்படும் சேவைக்கு ஆண்டுதோறும் பணம் வாங்குவது எப்படி என்ற கேள்விக்கு, உறுப்பினர் சந்தா என்ற விடையை அவர்கள் நூறாண்டுக்கு முன்பே கண்டுவிட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர் அவர்களோடு போட்டியிட முடியாது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பணம் கேட்பதை விட, ஆண்டுக்கு இரண்டு சர்வீஸும் ஒரு முழுப் பரிசோதனையும் சேர்ந்த சந்தாவை விற்பது மேல் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

யாருடைய வண்டி?

இவ்வளவு நேரம் வடிவத்தைப் பற்றிப் பேசினோம். யாருக்குச் சேவை செய்வது என்ற கேள்வி அதைவிட முக்கியமானது என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அதே வேன் வடிவம் வாடிக்கையாளர் மாறினால் வேறு கணக்கைத் தருகிறது.

ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வாடகைக் காரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால் ஆறு சர்வீஸ். ஐம்பது கார் வைத்திருக்கும் ஒரே ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 300 சர்வீஸ் தரும். 12,000 கிலோமீட்டர் ஓடும் சொந்தக் கார்களிலிருந்து அதே 300 சர்வீஸைப் பெற, 250 வண்டிக்காரர்களைத் தனித்தனியே தேடிப் பிடிக்க வேண்டும். பயண நேரத்திலும் இதே வேறுபாடு வருகிறது. வண்டிகள் இரவில் ஒரே இடத்தில் நிற்பதால், நாற்பது நிமிடப் பயணம் நாளுக்கு ஒருமுறைதான். மீதமுள்ள 500 நிமிடத்தை 85 நிமிடத்தால் வகுத்தால் ஐந்து வேலைகள் நிச்சயம், கருவிகளை ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்றத் தேவையில்லாததால் ஆறும் முடியும். அதே மெக்கானிக், அதே வேன், அதே சம்பளம்.

எஸ்டிமேட் மாறும் அந்த அரை மணி நேரமும் இங்கே சுருங்கிவிடுகிறது. வண்டிகளை நிர்வகிப்பவருக்கு டிஸ்கின் தடிமனைச் சொன்னால் புரியும். இன்ன தொகை வரை கேட்காமலே செய்யலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். வண்டி ஒரு நாள் நின்றால் எவ்வளவு வருமானம் போகும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருப்பதால், இரவிலேயே வேலையை முடித்துத் தருவதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டாலும் தயங்க மாட்டார். பாதகங்களும் உண்டு. பணம் முப்பது நாளோ அறுபது நாளோ கழித்துத்தான் வரும். அதுவரை சம்பளத்துக்கும் உதிரிபாகத்துக்கும் கையிலிருந்து போட வேண்டும். ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருந்தால், அவர் விலையைக் குறைக்கச் சொல்லும் நாளில் மறுக்க முடியாது. ஒரு வாடிக்கையாளரின் பங்கு மொத்த வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பேன்.

ஆகவே என் தேர்வு இதுதான்: குறுகிய வேலைப் பட்டியல், சொந்த வேன், சம்பள மெக்கானிக், முதல் ஓராண்டுக்கு வணிக வண்டிகள் மட்டும். சொந்தக் கார் வைத்திருப்பவர்களிடம் அதற்குப் பிறகு சந்தா வடிவில் போகலாம். இணைத்துவிடும் தளத்தைத் தொடக்கமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். எடுத்துச் சென்று திருப்பித் தரும் வடிவம், நம்பிக்கையான ஒரு பட்டறையாவது உரிமையாளர் மட்டத்தில் கூட்டாளியாக இருக்கும்போது வேனுக்குத் துணையாக வரலாம், தனியாக வேண்டாம்.

செயலி எங்கே வருகிறது?

தலைப்பில் இருக்கும் செயலியைப் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசுவது தற்செயல் அல்ல. மெக்கானிக்கைத் தேடித் தருவது அதன் வேலை என்று எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன காரணங்களால் அது தோற்கும். எஸ்டிமேட் மாறும்போது தேய்ந்த பேடின் படத்தோடும், டிஸ்கின் அளவோடும், இரண்டு தொகைகளோடும் வண்டிக்காரரின் கையில் போய் நின்று, கூட்டத்தின் நடுவிலும் ஒரு விரலால் ஒப்புதல் வாங்கித் தருவதுதான் அதன் உண்மையான பயன். அடுத்தது, வண்டியின் முழு வரலாற்றையும் வைத்திருப்பது.

பதிவு செய்யும்போது வண்டியின் மாடலையும் ஆண்டையும் மட்டும் கேட்பது போதாது. ஒரே மாடலில் ஆண்டின் நடுவே பிரேக் பேடின் வடிவம் மாறியிருக்கும். எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட சேசிஸ் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதை வைத்து உதிரிபாக எண்ணை உறுதிசெய்துகொள்ளாவிட்டால், தவறான ஃபில்டரோடு நாற்பது நிமிடம் பயணித்த வேன் வெறுங்கையோடு திரும்பும். வண்டியின் கணினியோடு இணைத்து, தொலைவிலிருந்தே பழுதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லும் ஓபிடி கருவிகளிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட அந்த இணைப்பு வழியாகப் பிழைக் குறியீட்டைப் படிக்க முடியும் என்பது உண்மையே. ஆனால் பி0420 என்ற குறியீடு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்திருப்பதாகத் தோன்றுகிறது என்று மட்டுமே சொல்கிறது. காரணம் விலையுயர்ந்த கன்வர்ட்டராகவும் இருக்கலாம், ஆக்ஸிஜன் சென்சாராகவும் இருக்கலாம், புகைக்குழாயில் விழுந்த சிறு ஓட்டையாகவும் இருக்கலாம். குறியீட்டைப் பார்த்தவுடன் எஸ்டிமேட் அனுப்பும் செயலி, இந்த மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறது.

இதற்கெல்லாம் தொடக்கத்தில் ஓர் இணையப் படிவமும் வாட்ஸ்அப்பும் போதும். ஆப்பிள், கூகிளின் செயலிக் கடைகளில் வெளியிட்டால் வருமானத்தில் பங்கு போய்விடுமோ என்ற பயமும் தேவையில்லை: அவர்கள் எடுக்கும் கமிஷன் டிஜிட்டல் பொருள்களுக்குத்தான், வெளியே நடக்கும் சேவைகளுக்கான கட்டணத்தில் அவர்கள் பங்கு கேட்பதில்லை. செயலியைப் பிந்திச் செய்தாலும் இழப்பில்லை.

மின்சார வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், புகைக்குழாய் ஆகியவை அவற்றில் இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஆற்றலைத் திருப்பி எடுப்பதால் பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேய்கிறது. ஆயில் மாற்றத்தை நம்பிப் போட்ட வருமானக் கணக்கு, வணிக வண்டிகள் மின்சாரத்துக்கு மாறும் ஊர்களில் சீக்கிரமே இளைக்கும். டயர், சஸ்பென்ஷன், பிரேக் ஆயில், 12 வோல்ட் பேட்டரி, கேபின் ஃபில்டர் ஆகியவை மிஞ்சும். உயர் மின்னழுத்தப் பகுதியைத் தொடப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அந்தப் பயிற்சிக்கான செலவை முதலாண்டுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

மூன்று மாதச் சோதனை

முழு முதலீட்டுக்கு முன்னால் ஒரு பழைய வேன், இரண்டு மெக்கானிக்குகள், இரண்டு வணிக வாடிக்கையாளர்கள் என்று மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் விளம்பரத்துக்கு எதுவும் செலவிடக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து எண்களைக் குறித்து வைத்தால் போதும்: பயணத்தில் போன நிமிடம், முதல் வருகையிலேயே முடிந்ததா, முதல் எஸ்டிமேட்டுக்கும் இறுதித் தொகைக்கும் உள்ள வித்தியாசம், முப்பது நாளுக்குள் அதே குறைக்காகத் திரும்ப அழைத்தார்களா, உதிரிபாகம் தவறாகப் போனதா.

என் அனுமானத்தில், பத்தில் எட்டு வேலைகளாவது முதல் வருகையில் முடிய வேண்டும். திரும்ப அழைத்தவை இருபதில் ஒன்றைத் தாண்டக் கூடாது. ஒரு மெக்கானிக் சராசரியாக நாளுக்கு ஐந்து வேலையைத் தொட வேண்டும். முதல் மாதத்தில் இவை எதுவுமே கைகூடாது, அதில் பதற ஒன்றுமில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து எண்கள் அந்தத் திசையில் நகர்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் மாத முடிவிலும் நாளுக்கு மூன்று வேலையிலேயே நின்றால், குறை மெக்கானிக்கிடம் இருக்க வாய்ப்பில்லை; வேலைப் பட்டியல் நீளமாக இருக்கிறது, அல்லது வாடிக்கையாளர்கள் தொலைவில் சிதறிக் கிடக்கிறார்கள். இரண்டில் எது என்பதை அந்தப் பயண நிமிடக் குறிப்பு காட்டிவிடும். பட்டியலானால் பாதியாக வெட்டிவிட்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம். தொலைவானால், அந்த ஊரில் வேன் ஓடாது. வேனையும் கருவிகளையும் விற்றால் போட்டதில் கணிசமான பங்கு திரும்பி வரும்.